முப்பதுக்கு எழுபது

எழுதாதீங்க சார். அந்தக் கட்டத்துல மட்டும் டிக் போட்டுடாதீங்க. பேனாவக் கொஞ்சம் மூடி வைங்க, நான் பேசி முடிச்சதும் உங்க இஷ்டம். எச்சரிக்கையை மீறி ஓட்டியது, அதானே போட்டிருக்கு? தலைகீழா இருந்தாலும் படிப்பேன் சார். பள்ளிக்கூடத்தத்தான் விட்டேன், எழுத்த விடல.

அதுல டிக் விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வெறும் ஓட்டுநர் தப்புன்னா ஆறு மாசம் வெளிய உக்காரணும். எச்சரிக்கைய மீறினான்னு ஆச்சுன்னா பந்தய லைசென்ஸ் போச்சு, ஆயுசுக்கும் திரும்ப வராது. எங்க அக்கா திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் மருந்து வேன் ஓட்டறா. அந்த ஆறு நாளும் இந்த ஒரு ஞாயித்துக்கிழமைப் பந்தயத்துக்காகத்தான். அதப் புடுங்கிட்டீங்கன்னா அவ வெறும் வேன் டிரைவர்தான். இப்ப ஒடஞ்சு கெடக்கற அந்தக் காலோட அதுவும் முடியுமான்னு தெரியல.

பாத்து, அந்தப் பக்கம் போகாதீங்க. வண்டிக் கதவு ஒடஞ்சு தொங்குது, சட்டையக் கிழிச்சிடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கிரீஸெல்லாம் இல்ல, இப்பதான் தொடச்சேன். சரி, கொஞ்சம் இருக்கு. இருங்க, பேப்பர் விரிக்கறேன்.

நீங்க ஓட்டறது என்ன வண்டி சார்? வெளிய நிக்குதே, அந்த வெள்ளைதானா? அப்ப முன் சக்கரம் ரெண்டுதான் இழுக்கும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆபீசுக்குப் போக அது போதும். ஆனா விசாரிக்க வந்த ஆளுக்கு இந்த வண்டி என்னன்னு புரியணும்ல? புரியாமலே டிக் போட்டா எப்படி? கோவிச்சுக்காதீங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. வீட்லயும் இதுக்குத்தான் திட்டு வாங்கறேன்.

வீடு மாத்தும்போது பீரோவ மாடிப்படியில ஏத்தியிருக்கீங்களா? நாலு பேர் தூக்குவாங்க. முன்னால ரெண்டு பேர், பின்னால ரெண்டு பேர். நேரா ஏறும்போது யார் எவ்வளவு தூக்கினாலும் ஒண்ணும் இல்ல. படி திரும்பற எடத்துலதான் கூத்தே. முன்னால இருக்கறவன் இழுக்கவும் செய்யணும், திருப்பவும் செய்யணும். முழு பலத்தையும் இழுக்கறதுல போட்டான்னா திருப்ப பலம் இருக்காது, பீரோ நேரா போய் செவுத்துல முட்டும். சரின்னு பின்னால இருக்கறவன் நான் தள்றேன், நீ திருப்பறத மட்டும் பாருன்னு சொன்னா, அழகா திரும்பும். ஆனா அவனே கொஞ்சம் ஜாஸ்தியா தள்ளிட்டான்னு வைங்க, பீரோவோட பின்பக்கம் சுத்திக்கிட்டு வந்து உங்க விரல நசுக்கும்.

அவ்வளவுதான் சார். நாலு வீலும் இழுக்கற வண்டி அந்த பீரோதான். ஒரு டயருக்கு இவ்வளவுதான் பிடின்னு ஒரு அளவு உண்டு. அத இழுக்கறதுக்குச் செலவு பண்ணா திரும்பறதுக்குக் குறையும். முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுக்க நடுவுல ஒரு டிஃபரன்ஷியல் இருக்கு. அதோ, அடியில வெடிச்சுக் கெடக்கே, அதான். அதுக்குள்ள கிளட்ச் தட்டு அடுக்கி வச்சிருக்கு. தட்ட இறுக்கிப் புடிச்சா முன்ன பின்ன பாதிப் பாதி. தளர்த்தி விட்டா முன்னால முப்பது, பின்னால எழுபது. எப்ப இறுக்கணும், எப்ப தளர்த்தணும்னு சொல்றது ஒரு சின்ன கன்ட்ரோலர். அதுக்கு நம்பர் எழுதறது நான். இந்த லேப்டாப்புலதான்.

ஆமா சார், நான்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? பதினெட்டு முடிஞ்சிருச்சு. பன்னெண்டாவது பாதியில நின்னவன் எழுதின நம்பர்ல ரெண்டு வருஷமா இந்த வண்டி மலை ஏறுது.

அக்காவுக்கு எப்பவும் பாதிப் பாதிதான். ஆறு வருஷமா அப்படியே ஓட்டிப் பழகிட்டா. அதுல ஒரு சௌகரியம் இருக்கு. ஈரத்துல, மண்ணுல, வண்டியோட வாலு லேசா ஆடிச்சுன்னா ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கவே கூடாது. இன்னும் மிதிக்கணும். முன் சக்கரம் ரெண்டும் கைய புடிச்சு இழுக்கற மாதிரி வண்டிய நேரா இழுத்துட்டுப் போயிடும். பயந்தா மிதி, அதான் அவ பாடம். யோசிச்செல்லாம் செய்ய மாட்டா, கால் தானா போகும். ஆனா காய்ஞ்ச ரோட்ல அதே செட்டிங்ல வண்டியோட மூக்கு திரும்பாது. ஸ்டியரிங்க ஒடிச்சாலும் வண்டி வெளிய வெளிய ஓடும். ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சும் எறங்கி வந்து எங்கிட்டதான் பொலம்புவா, மூக்கு திரும்ப மாட்டேங்குதுடா, எருமை மாடு மாதிரி நிக்குதுடான்னு. நானும் மூணு மாசமா தலையால தண்ணி குடிச்சேன். கிளட்சத் தளர்த்தறேன், எழுபதப் பின்னால குடு, பறக்கும் பாருன்னு. கேக்கல. வேணாம்டா, என் காலுக்கு இது பழகிடுச்சு, புதுசா ஒண்ணு வேணாம்னுட்டா.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னால அந்த வெள்ளிக்கிழமை.

நட்டண்ணன் சொல்லியிருப்பாரே? ஓ, அது அவரு பேரு இல்ல சார். எங்க தலைமை மெக்கானிக். சட்டைப்பையில எப்பவும் நாலஞ்சு நட்டு கலகலன்னு கெடக்கும், அதான். சொந்தப் பேரு அவருக்கே மறந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை அக்கா வேன வெளிய நிறுத்திட்டு நேரா இங்க வந்தா. கையில ஒரு விண்ணப்பம். பன்னெண்டாவது தனியா எழுதறதுக்கு. அவளே என் பேரெல்லாம் எழுதி, போட்டோவும் ஒட்டிட்டா. கையெழுத்து மட்டும் போடுடான்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. நான் அந்தப் பேப்பர வாங்கி ஆயில் டப்பாவுக்கு அடியில வச்சேன். ஒழுகற டப்பா சார். வேணும்னேதான் வச்சேன்.

அவளுக்கு முகம் செவந்துடுச்சு. லேப்டாப்ப நாலு தட்டு தட்டத் தெரிஞ்சா பெரிய இன்ஜினியர்னு நெனப்பா உனக்கு, நாளைக்கு நான் ஓட்டறத நிறுத்திட்டா எவன்டா உனக்கு வேலை குடுப்பான்னு கேட்டா. நட்டண்ணன், பெயிண்டர், டயர்காரர், எல்லாரும் நின்னாங்க. அத்தனை பேர் முன்னாடி. நானும் விட்டேன் ஒண்ணு. நீ ஜெயிச்சதெல்லாம் என் நம்பர்ல, உன் கால்ல இல்லன்னு.

அதுக்கப்புறம் பேச்சு இல்ல. சனிக்கிழமை ஒரு நாள் பூரா ஒரே ஷெட்டுக்குள்ள முதுகக் காட்டிக்கிட்டு வேலை பாத்தோம். எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு கை தூரம்தான், ஆனா நட்டண்ணன் வழியாத்தான் பேச்சு. அண்ணே, அவன்கிட்ட டயர்ல காத்து இருபத்தெட்டு வைக்கச் சொல்லுங்க. அண்ணே, வச்சாச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அவரு நொந்துட்டாரு. நான் என்ன தபால்காரனா, ரெண்டு பேரும் எனக்கு ஸ்டாம்ப் ஒட்டி விடுங்கன்னு கத்தினாரு. அக்கா சிரிச்சுட்டா. நான் சிரிக்கல. சிரிச்சிருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டுநர்களையெல்லாம் கூட்டி வச்சு உங்க பந்தய ஆபீஸ்காரங்க பேசுவாங்கல்ல, கொடி, விதி, ஆம்புலன்ஸ் எங்க நிக்கும்னு? அந்த நேரம். எட்டு மணி பதினாலு நிமிஷம். தேதி நேரம் எல்லாம் லேப்டாப்புல அப்படியே இருக்கு, திருப்பிக் காட்டறேன் பாருங்க. அவ அங்க உக்காந்திருந்தா, நான் இங்க வண்டியில கேபிள மாட்டி, கிளட்சத் தளர்த்தினேன். முப்பதுக்கு எழுபது. யாருகிட்டயும் கேக்கல. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல.

எழுதிக்கோங்க. அத எழுதத்தான் பேனாவத் தொறந்து வச்சிருக்கணும் நீங்க. செட்டிங்க மாத்தினவன் தம்பி. எழுதியாச்சா?

செட்டிங் மாத்தறது விதிப்படி தப்பில்லங்கறீங்களா? தெரியும் சார், விதி எனக்கும் தெரியும். கிளம்பற வரிசையில நிக்கறதுக்கு முன்னாடி என்ன வேணா மாத்தலாம். வரிசைக்குப் போனப்புறம் கம்ப்யூட்டர் மாட்டக் கூடாது. நான் விதிய மீறல. அதச் சொல்லித் தப்பிக்கவும் வரல.

என் திட்டம் என்னன்னா, அவ ஜெயிக்கணும். ஜெயிச்சு, மாலை போட்டு நிக்கும்போது எல்லார் முன்னாடியும் போய் லேப்டாப்பத் தொறந்து காட்டணும். பாத்தியா, உன் கால் இல்ல, என் நம்பருன்னு. ரெண்டு நாளா அந்த ஒரு காட்சிய மனசுல ஓட்டிக்கிட்டே இருந்தேன். கேவலமா இருக்குல்ல? எனக்கும் இப்ப கேவலமாத்தான் இருக்கு.

முதல் ஓட்டம் காய்ஞ்ச ரோடு. மேல போய்ச் சேர்ந்த நேரத்த மைக்குல சொன்னாங்க பாருங்க, அவளோட பழைய நேரத்த விட கிட்டத்தட்ட ரெண்டு செகண்டு குறைச்சல். மலைப் பந்தயத்துல ரெண்டு செகண்டுன்னா அது என்னன்னு உங்க ஆபீஸ்ல யாரையாவது கேளுங்க. அவ கீழ வந்து எறங்கினா. ஹெல்மெட்டக் கழட்டினா, முடியெல்லாம் நெத்தியில ஒட்டியிருக்கு, சின்னப் பொண்ணு மாதிரி குதிக்கறா. அண்ணே, மூக்கு தானா திரும்புதுண்ணே, புது டயர் வேலை செய்யுதுண்ணேன்னா. அன்னைக்குத்தான் டயர் மாத்தியிருந்தோம். அதனால சந்தேகமே வரல. சொல்லிக்கிட்டே எம்பக்கம் திரும்பினா. வாய் லேசாத் தொறந்துச்சு. ஏதோ சொல்ல வந்தா சார். நான் குனிஞ்சு ஷூ கயித்தக் கட்டினேன்.

என்ன சொல்ல வந்தான்னு இன்னும் தெரியல. கேக்கவும் இல்ல.

நட்டண்ணன் ஓட்டத்தோட பதிவ எறக்கறதுக்கு லேப்டாப்பத் தொறந்தாரு. நம்பரப் பாத்துட்டாரு. பின்னந்தலையில போட்டாரு ஒண்ணு, காது ஙொய்ங்குது. அவகிட்ட கேட்டியாடான்னாரு. இல்லண்ணேன்னேன். அப்புறம் நேரத்தத் திரும்பப் பாத்தாரு. ரெண்டு செகண்டான்னு ஒரு மாதிரி சிரிச்சாரு. சரி, ரெண்டாவது ஓட்டமும் போகட்டும், அதுக்கு முன்னாடி சொல்லிக்கலாம்னு விட்டுட்டாரு. அவரத் தப்பு சொல்லாதீங்க. வானம் அப்ப பளிச்சுன்னு இருந்துச்சு.

பத்து நிமிஷத்துல கொட்டுச்சு.

அவ வண்டி வரிசையில நின்னுடுச்சு அதுக்குள்ள. முன்னால ஆறு வண்டி. கேபிள் மாட்ட முடியாது, உங்க ஆளு சிவப்புக் கொடியோட அங்கேயே நிக்கறாரு. மழைக்கு டயர் மாத்தவும் நேரமில்ல.

ஒன்பதாவது வளைவு. நீங்க போய்ப் பாத்தீங்களா? பாத்திருப்பீங்க, படம் எடுத்திருப்பீங்க. அங்க ரோட்டுக்கு மேல தண்ணி குறுக்க ஓடும். வண்டியோட வாலு லேசா ஆடிச்சு. அவ கால் என்ன செய்யும்? ஆறு வருஷமா என்ன செஞ்சுதோ அதத்தான் செய்யும். மிதிச்சா. பாதிப் பாதியா இருந்தா முன் சக்கரம் இழுத்துட்டுப் போயிருக்கும். ஆனா எழுபது பின்னால இருக்கு. ஈரத்துல பின் டயருக்குப் பிடி இல்ல, அவ மிதிக்க மிதிக்க அது சுத்துது, வாலு இன்னும் வெளிய போகுது. பயந்தா மிதி. அவளக் காப்பாத்தின பாடமே அவளத் தூக்கிப் போட்டுடுச்சு. தடுப்புல பக்கவாட்டுல அடிச்சு, அப்புறம் கீழ.

நாங்க வளைவுக்கு ஓடிப் போறதுக்குள்ள உங்க ஆளுங்க வண்டிய வெட்டி அவள வெளிய எடுத்துட்டாங்க. வலது கால். தொடையில கம்பி வச்சிருக்காங்க. கணுக்கால்ல எத்தனை துண்டுன்னு டாக்டர் எங்க அம்மாகிட்ட சொன்னாரு, நான் வெளிய போயிட்டேன். அந்தக் கால்தான் சார் மிதிக்கற கால்.

மயக்கம் தெளிஞ்சதும் எல்லாரையும் தள்ளிட்டு என்னத்தான் கூப்பிட்டா. போனேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எங்கிட்ட நேராப் பேசின முதல் பேச்சு. என்ன சொன்னா தெரியுமா? உன் வண்டிய உடைச்சுட்டேன்டா, மன்னிச்சுக்கடான்னா. உன் வண்டின்னா. அவ பேர்ல இருக்கற வண்டி சார் அது. நான் வாய் வரைக்கும் வந்தத முழுங்கிட்டு, பரவால்லக்கான்னேன். பரவால்லயாம். எவ்வளவு பெரிய மனசு எனக்கு.

அவ எழுதிக் குடுத்தத நீங்க வச்சிருக்கீங்க, இல்ல? மழையில வளைவுல முன்னாடியே மிதிச்சுட்டேன், என் தப்புதான்னு. அவ எழுதுவா. அவளுக்கு அதான் தெரியும். தினம் அதையேதான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. நேத்து போனப்ப, போர்வைக்குள்ள அந்தக் கால அசைக்கப் பாக்கறா. மிதிக்கறதையும் எடுக்கறதையும் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாக்கறேன்டா, எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல, எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிச்சேன், என் காலுக்கு என்னமோ ஆயிடுச்சுடான்னா. தன் கால் மேலயே நம்பிக்கை போயிடுச்சு அவளுக்கு. நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தேன்.

நட்டண்ணன் ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்கு வரல. அண்ணன் ஏன்டா வரலன்னு தினம் கேக்கறா. வேலை இருக்குக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். வேலையெல்லாம் இல்ல. அவருக்குக் கோவம். சொல்லி அனுப்பியும் கேக்காம மிதிச்சிருக்கா, அவ்வளவு திமிரா, பாக்கவே பிடிக்கலன்னு எங்கிட்டயே சொன்னாரு. சொல்லும்போது அவரு கண்ணு கலங்குது. தூக்கி வளத்த மாதிரி வச்சிருந்தாரு அவள.

இருங்க, அது அவரு எழுதினதா? படிங்க. இல்ல, நீங்களே சத்தமா படிங்க. பின் சக்கரத்துக்கு எழுபது போகுது என்றும், ஈரத்தில் வளைவில் மிதிக்க வேண்டாம் என்றும், ஓட்டத்துக்கு முன்பே ஓட்டுநருக்குத் தெரிவிக்கப்பட்டது. ம். கீழ கையெழுத்து. ஆமா, அவரு கையெழுத்துதான். கோழி கிளறின மாதிரி இருக்கும்.

அத வச்சுத்தான் அந்தக் கட்டத்துல டிக் போட வந்தீங்க. சரிதான். அவரு பொய் சொல்ற ஆள் இல்ல சார். தெரிஞ்சதத்தான் எழுதியிருக்காரு.

என் பேச்ச மட்டும் வச்சு மாத்த முடியாதா? வேணாம், வெறும் பேச்ச வச்சு மாத்த வேணாம். இன்னொரு தாள் இருந்தா குடுங்க, நானே என் கையால எழுதித் தரேன். பிழையில்லாம எழுதுவேன், பயப்படாதீங்க. எழுதி முடிச்சுட்டு இங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அவகிட்ட சொல்லணும். அது இத விடக் கஷ்டம். உங்ககிட்ட சொல்றது ஒத்திகை மாதிரி வச்சுக்கோங்க.

மழை புடிச்சதும் நட்டண்ணன் எஞ்சட்டைக் காலரப் புடிச்சாரு. உங்க சண்டைய சாயங்காலம் வச்சுக்கோங்கடா, இப்ப ஓடு, கண்ணாடியத் தட்டு, எழுபது பின்னால இருக்கு, வளைவுல மிதிக்காத, நேரானப்புறம் மிதின்னு சொல்லிட்டு வா, மூணே வார்த்தைன்னாரு. அவரே போயிருப்பாரு, வண்டிக்கிட்ட ஒரு ஆளத்தான் விடுவாங்க, அதுக்கான அனுமதிச் சீட்டு எங்கிட்ட இருந்துச்சு. நான் போனேன். நனைஞ்சுக்கிட்டே வரிசையோரமா நடந்தேன். அவ பக்கத்துக் கண்ணாடியில என்னப் பாத்துட்டா. நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஜன்னலத் தொறந்து விட்டா சார். மழை உள்ள அடிக்குது, அவ கையுறை, மடி எல்லாம் நனையுது, ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து என்னையே பாக்கறா. நான் நெனச்சேன், முதல்ல அவ பேசட்டும்னு. வெள்ளிக்கிழமை முதல்ல பேசினது அவதானே, இப்பவும் அவளே ஆரம்பிக்கட்டும்னு. பின் டயர ஒரு உதை உதைச்சேன், காத்து பாக்கற மாதிரி. திரும்பி வந்துட்டேன். சொல்லிட்டியாடான்னாரு நட்டண்ணன். ஆமான்னு தலைய ஆட்டினேன்.

சொல்லல சார்.